குழுவோடு ஜப்பான்: முதன்முறை செல்வோருக்கு ஒரு வழிகாட்டி

ஜப்பானுக்கு முதன்முறை செல்லும் பலர் பயண நிறுவனம் ஒன்றின் குழுவோடு செல்வதையே விரும்புகிறார்கள். மொழி தெரியாத நாடு, சிக்கலான ரயில் தடங்கள், உணவைப் பற்றிய தயக்கம், உடன் வரும் முதிய பெற்றோர் என்று அதற்குத் தகுந்த காரணங்கள் உண்டு. வழிகாட்டி ஒருவர் கோயிலின் வரலாற்றைச் சொல்லிக்கொண்டே முன்னால் நடக்க, பேருந்து வாசலில் காத்திருக்க, நுழைவுச்சீட்டு ஏற்கெனவே வாங்கப்பட்டிருக்க, பார்ப்பது ஒன்றே நம் வேலையாக இருப்பது உண்மையிலேயே பெரிய வசதி. அந்த வசதிக்கு ஈடாக நம்முடைய நேரத்தை மற்றொருவர் கையில் ஒப்படைக்கிறோம். ஆகவே நாம் ஜப்பானை எவ்வளவு பார்க்கப்போகிறோம் என்பது, பணம் கட்டுவதற்கு முன்பு பயணத் திட்டத்தை எவ்வளவு கூர்ந்து வாசிக்கிறோம் என்பதிலேயே பெரிதும் முடிவாகிவிடுகிறது. இந்தக் கட்டுரையும் அந்த வாசிப்பிலிருந்தே தொடங்குகிறது.

முதல் படி: பயணத் திட்டத்தை மணிக்கணக்கில் வாசியுங்கள்

பெரும்பாலான குழுப் பயணங்கள் டோக்கியோ, ஃபூஜி மலை, ஹகோனே, கியோத்தோ, நாரா, ஒசாகா என்னும் வரிசையில் அமைகின்றன. சில ஹிரோஷிமா வரை நீள்கின்றன. விளம்பரத் தாளில் இடங்களின் பெயர்கள் அடுக்கடுக்காக இருக்கும். அவற்றை எண்ணிப் பார்த்து, எண்ணிக்கை கூடுதலாக உள்ள திட்டமே லாபம் என்று முடிவு செய்வதுதான் புதியவர்கள் வழக்கமாகச் செய்யும் தேர்வு. அதற்கு மாறாக, ஒவ்வொரு நாளையும் ஒரு தாளில் எழுதி, விடுதியிலிருந்து புறப்படும் நேரம், ஒவ்வோர் இடத்துக்கும் செல்லும் நேரம், அங்கே நிற்கும் நேரம், உணவுக்கு எடுக்கும் நேரம் ஆகியவற்றைப் பக்கத்தில் குறித்துப் பாருங்கள். டோக்கியோவிலிருந்து கவகுச்சிகோ ஏரிக்குப் பேருந்தில் ஏறக்குறைய இரண்டு மணி நேரம் ஆகும். டோக்கியோவிலிருந்து கியோத்தோவுக்கு நொசோமி என்னும் ஷின்கான்சென் அதிவேக ரயிலில் இரண்டே கால் மணி நேரம் போதும், அதே தொலைவைப் பேருந்தில் கடந்தால் ஒரு பகல் முழுவதும் அதிலேயே கழிந்துவிடும். கியோத்தோவிலிருந்து ஹிரோஷிமாவுக்கு ஷின்கான்செனில் ஒன்றே முக்கால் மணி நேரம் அளவில் ஆகும். இந்த எண்களைக் கொண்டு கணக்கிட்டாலே, ‘ஒரே நாளில் ஐந்து இடங்கள்’ என்பதில் எத்தனை இடங்கள் பேருந்தின் கண்ணாடி வழியாகக் காட்டப்படுபவை என்பது தெரிந்துவிடும்.

கியோத்தோவை எடுத்துக்கொள்ளுங்கள். பொன்முலாம் பூசிய கின்காகுஜி நகரத்தின் வடமேற்கில் இருக்கிறது. ஆயிரக்கணக்கான செந்நிறத் தோரி வாயில்கள் மலைமேல் ஏறிச் செல்லும் ஃபூஷிமி இனாரி தெற்குப் பக்கம் இருக்கிறது. கியோமிசுதேரா கிழக்குக் குன்றுகளின் சரிவில், அரஷியாமா மூங்கில் தோப்பு மேற்கு ஓரத்தில். நகரச் சாலைகள் நெரிசலானவை. கோயில்களோ பெரும்பாலும் மாலை நான்கரைக்கும் ஐந்துக்கும் இடையில் கதவை மூடிவிடும். இந்த நான்கையும் ஒரே பகலில் முடித்து, மாலையில் நாராவையும் சேர்த்துக்கொள்வதாக ஒரு திட்டம் சொன்னால், அதை எழுதியவர் உங்களுக்குக் கோயில்களைக் காட்ட எண்ணவில்லை, அவற்றின் வாசலில் உங்களைப் படம் எடுத்துக்கொள்ள விட மட்டுமே எண்ணியிருக்கிறார் என்று கொள்ளலாம். 794 முதல் ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேல் தலைநகராக இருந்த ஊருக்கு முழுமையாக இரண்டு நாள்களாவது ஒதுக்கியிருக்கும் திட்டத்தையே நான் பரிந்துரைப்பேன்; அதற்காக ஒசாகாவின் கடைத்தெருவையோ ஒரு கேளிக்கைப் பூங்காவையோ இழக்க நேர்ந்தாலும் பரவாயில்லை.

திட்டத்தில் எழுதியிராதவற்றைக் கேட்டுத் தெரிந்துகொள்வதும் இந்தப் படியில் அடங்கும். குழுவில் அதிகபட்சம் எத்தனை பேர் இருப்பார்கள்? நாற்பது பேர் கொண்ட குழுவில் எல்லோரும் கழிப்பறைக்குப் போய் வருவதற்கே ஒவ்வோர் இடத்திலும் கால் மணி நேரம் போய்விடும். விடுதி ரயில் நிலையத்துக்கு அருகில் இருக்கிறதா, ஊருக்கு வெளியே நெடுஞ்சாலை ஓரத்தில் இருக்கிறதா? ‘கியோத்தோவில் தங்கல்’ என்று சொல்லிவிட்டு ஒசாகாவில் அறை தருகிறார்களா? பேருந்து முழுநாளும் உடன் இருக்குமா? ஜப்பானில் பேருந்து ஓட்டுநரின் பணிநேரத்துக்குச் சட்டப்படி வரம்பு உண்டு. ஆகவே இரவில் இன்னும் ஓரிடம் பார்த்துவிட்டுப் போகலாம் என்று அங்கே போய்க் கேட்பதில் பயனில்லை. உடன் வரும் டூர் மேனேஜர் ஒருவர். உள்ளூரில் விளக்கம் சொல்லும் வழிகாட்டி வேறொருவர். இரண்டாமவர் எல்லா நாள்களும் இருப்பாரா, சில ஊர்களில் மட்டுமா என்பதையும் கேளுங்கள். ஜப்பானில் தேசியத் தேர்வில் வென்று உரிமம் பெற்ற வழிகாட்டிகள் இருக்கிறார்கள். 2018 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த சட்டத் திருத்தத்துக்குப் பிறகு உரிமம் இல்லாதவர்களும் கட்டணம் பெற்று வழிகாட்டலாம், ஆனால் அந்தப் பட்டத்தைப் பயன்படுத்த முடியாது. உரிமம் பெற்ற வழிகாட்டியோடு கோயிலுக்குள் போவதற்கும் வெறுமனே கொடி பிடித்துச் செல்பவரோடு போவதற்கும் உள்ள வேறுபாடு மிகப் பெரியது.

கடைசியாக, திட்டத்தில் ஓர் அரை நாளாவது ஓய்வுப் பொழுதாக விடப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். அதை நிறுவனத்தின் சோம்பல் என்று எண்ண வேண்டாம். டோக்கியோவில் அசகுசா பகுதியில் விடுதி அமைந்தால், காலை ஆறு மணி அளவில் தனியே நடந்து சென்சோஜி கோயிலுக்குப் போகலாம். கடைகள் திறக்காத நகமிசே தெருவும், சிவப்பு விளக்கு தொங்கும் கமினாரிமோன் வாயிலும் கூட்டமின்றி உங்களுக்கே கிடைக்கும். ஃபூஷிமி இனாரியும் எந்நேரமும் திறந்திருக்கும் தலம், கட்டணமும் இல்லை.

பருவத்தைத் தேர்ந்தெடுத்தல்

செர்ரி மலர்கள் டோக்கியோவிலும் கியோத்தோவிலும் வழக்கமாக மார்ச் இறுதியில் தொடங்கி ஏப்ரல் முதல் வாரம் வரை பூத்திருக்கும். முழுமையாக மலர்ந்த நிலை ஒரு வாரம் தங்கினாலே அதிகம். ஒரு மழை வந்தால் அதுவும் இல்லை. எந்த நிறுவனமும் மலரை உறுதி கூற முடியாது, கூறினால் நம்ப வேண்டாம். மலருக்காக மட்டுமே செல்வோருக்கு இன்னொரு வாய்ப்பும் உண்டு: மலர்ச்சி தெற்கிலிருந்து வடக்கு நோக்கி நகர்வதால், வடகிழக்கிலுள்ள தொஹோகு பகுதியை உள்ளடக்கிய திட்டங்கள் ஏப்ரல் நடுப்பகுதிக்குப் பிறகும் பூக்களைக் காட்டும்.

என் விருப்பம் நவம்பர். கியோத்தோவின் மேப்பிள் மரங்கள் நவம்பர் நடுப்பகுதியிலிருந்து டிசம்பர் தொடக்கம் வரை சிவந்து நிற்கும். வானம் தெளிவாகவும் குளிர் தாங்கக்கூடியதாகவும் இருக்கும். ஆனால் கியோத்தோவில் அப்போது மாலை ஐந்து மணிக்கு முன்பே இருட்டத் தொடங்கிவிடும் என்பதால், காலையில் சீக்கிரம் புறப்படும் குழுவையே தேர்ந்தெடுக்க வேண்டும். ஜூன் முதல் ஜூலை நடுப்பகுதி வரை மழைக்காலம். ஆகஸ்டில் வெப்பம் 35 பாகையைத் தாண்டுவது சாதாரணம், ஈரப்பதமும் சேர்ந்து சென்னையின் மே மாதத்தை நினைவூட்டும். ஆகஸ்ட், செப்டம்பர் மாதங்கள் சூறாவளிக் காலமும் ஆகும். ஏப்ரல் 29 முதல் மே 5 வரையிலான விடுமுறை வாரம், ஆகஸ்ட் நடுவில் முன்னோரை நினைத்துக் கொண்டாடும் ஓபோன், ஆண்டு இறுதி நாள்கள் ஆகிய மூன்றிலும் ஜப்பானியர்களே பெருந்திரளாகப் பயணம் செய்வார்கள். நம்மூர்ப் பள்ளி விடுமுறை இவற்றோடு மோதாதபடி தேதியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

விசா, பணம், பத்திரங்கள்

சிங்கப்பூர், மலேசியக் கடவுச்சீட்டு வைத்திருப்போர் குறுகிய காலச் சுற்றுலாவுக்கு விசா இல்லாமல் செல்லலாம். இந்தியர்களுக்கும் இலங்கையர்களுக்கும் விசா கட்டாயம். இந்தியாவில் வசிப்போருக்கு 2024 ஏப்ரல் முதல் சுற்றுலாவுக்கான மின்விசா வழங்கப்படுகிறது. அதைப் பெற்றவர்கள் விமான நிலையத்தில் விசா அறிவிப்பை இணைய இணைப்போடு கைபேசித் திரையில் திறந்து காட்ட வேண்டும். ஸ்கிரீன்ஷாட்டாகவோ அச்சுத்தாளாகவோ காட்டினால் ஏற்பதில்லை. முதியவர்கள் தனியே வரிசையில் நிற்க நேர்ந்தால் இது தடுமாற்றம் தரும் என்பதால், வீட்டிலேயே ஒருமுறை திறந்து பழக்கிவிடுங்கள். ஒருமுறை நுழைவதற்கான விசா வழங்கப்பட்ட நாளிலிருந்து மூன்று மாதங்களுக்குள் பயன்படுத்தப்பட வேண்டும். மிக முன்னதாக விண்ணப்பிப்பதும் தவறாகிவிடும். குடிநுழைவு, சுங்கப் படிவங்களை ‘விசிட் ஜப்பான் வெப்’ என்னும் அரசுத் தளத்தில் முன்கூட்டியே நிரப்பி கியூ.ஆர். குறியீட்டைப் பெற்றுக்கொண்டால் இறங்கியதும் வரிசை சுருங்கும். ஜப்பானில் இருக்கும்வரை வெளிநாட்டவர் கடவுச்சீட்டை எப்போதும் உடன் வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம். விடுதி அறையில் பூட்டிவைத்துவிட்டு நகலோடு சுற்றக் கூடாது.

இந்திய நிறுவனத்திடம் வெளிநாட்டுப் பயணத் தொகுப்பு வாங்கும்போது கட்டணத்தோடு ஜி.எஸ்.டி.யும், டி.சி.எஸ். எனப்படும் மூலத்தில் வசூலிக்கும் வரியும் சேரும். இரண்டாவது வரியை வருமான வரிக் கணக்கில் ஈடுசெய்துகொள்ளலாம் என்பதால் அதற்கான சான்றைக் கேட்டு வாங்குங்கள். விலைப்பட்டியலில் நுழைவுக் கட்டணம், மதிய உணவு, ஷின்கான்சென் இருக்கை, பெட்டிகளை அனுப்பும் செலவு ஆகியவை அடங்குமா என்று எழுத்தில் பெறுங்கள். மருத்துவக் காப்பீட்டைத் தவிர்க்க வேண்டாம். அங்கே ஒரு சிறு எலும்பு முறிவுக்கும் கட்டணம் கனமாக இருக்கும். செலவுக்கு அட்டை பல இடங்களில் செல்லுபடியாகும் என்றாலும் சிறு கோயில்கள், மலையூர்க் கடைகள், பழைய உணவகங்கள் ஆகியவற்றில் ரொக்கமே வேண்டும். 24 மணி நேரக் கடைகளில் உள்ள ஏ.டி.எம். இயந்திரங்களில் நம் அட்டையைக் கொண்டு யென் எடுக்கலாம். சேவைக்காக அன்பளிப்புப் பணம் கொடுக்கும் வழக்கம் ஜப்பானில் இல்லை. உணவகத்தில் மேசைமேல் காசு வைத்துவிட்டு வந்தால், மறந்துவிட்டீர்கள் என்று எண்ணித் தெருவரை ஓடிவந்து திருப்பித் தருவார்கள்.

உணவு: முன்கூட்டியே பேச வேண்டியது

சைவ உணவு உண்போர் இந்தப் பகுதியைக் கவனமாக வாசிக்க வேண்டும். ஜப்பானியச் சமையலின் அடிப்படை தாஷி என்னும் சாறு. அது பெரும்பாலும் உலர்த்திச் சீவிய கட்சுவோ மீனிலிருந்து எடுக்கப்படுகிறது. மீன் துண்டு கண்ணுக்குத் தெரியாத மிசோ சூப், சோபா நூடுல்ஸ் குழம்பு, வேகவைத்த காய்கறி ஆகியவற்றிலும் அது இருக்கும். ‘இறைச்சி வேண்டாம்’ என்று மட்டும் சொன்னால் மீன்சாறு சேர்ந்த உணவே வரும், அதைக் கொடுப்பவர் மீதும் குற்றமில்லை. இறைச்சி, மீன், மீன்சாறு, முட்டை ஆகியவற்றுள் எவை வேண்டாம் என்று ஜப்பானிய மொழியில் அச்சிட்ட சீட்டு ஒன்றை வழிகாட்டியிடம் கேட்டு வாங்கிச் சட்டைப் பையில் வைத்திருங்கள்.

மரபுவழி விடுதியான ரியோகானில் இரவு உணவுக்கான பொருள்களை முன்னதாகவே தருவித்துவிடுவார்கள். அன்று மாலை போய் மாற்றச் சொன்னால் அவர்களால் இயலாது. பதிவு செய்யும்போதே உங்கள் உணவு முறையை எழுத்தில் தெரிவித்துவிடுங்கள். சைவ உணவை முழுமனத்தோடு சுவைக்க விரும்புவோர், பௌத்தத் துறவிகளின் ஷோஜின் ரியோரி உணவு உள்ள திட்டத்தைத் தேடலாம். கூகாய் என்னும் துறவி 816-இல் நிறுவிய கோயாசான் மலைத் தலத்தில் கோயில்களிலேயே தங்கி, எள் தோஃபு, மலைக்கீரை, ஊறுகாய் என்று பரிமாறப்படும் அந்த உணவை உண்ணலாம். விடியற்காலை வழிபாட்டிலும் அமரலாம். கியோத்தோவில் நான்சென்ஜி கோயிலைச் சுற்றியுள்ள உணவகங்களின் சுடுதோஃபுவும் புகழ்பெற்றது, ஆனால் அதன் தொடுகுழம்பில் மீன்சாறு உண்டா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

இந்தியாவிலிருந்து புறப்படும் குழுக்கள் பல ஒவ்வோர் இரவும் இந்திய உணவகத்துக்கே அழைத்துச் செல்கின்றன. பழகிய சோறு கிடைப்பது ஆறுதல்தான். ஆயினும் அந்த உணவகத்துக்குப் போய்த் திரும்பவே மாலைப் பொழுதில் ஒரு மணி நேரத்துக்கு மேல் செலவாவதை நான் கண்டிருக்கிறேன். சில இரவுகளையாவது விடுதிப் பக்கத்திலேயே முடித்துக்கொள்ளக் குழுவாகக் கேட்டுப் பார்க்கலாம். கொன்பினி எனப்படும் 24 மணி நேரக் கடைகளில் சமைத்து அடைத்த வெறுஞ்சோறும் இனிப்பில்லாத தயிரும் கிடைக்கும். சோற்றைக் கடையிலேயே சூடாக்கித் தருவார்கள். ஊரிலிருந்து கொண்டுபோன ஊறுகாய்ப் பொட்டலம் இருந்தால் தயிர்சோறு ஆயிற்று. ஆனால் பழங்கள், கறிவேப்பிலை போன்ற பச்சை இலைகள், இறைச்சி சேர்ந்த உணவுகள் ஆகியவற்றை ஜப்பானுக்குள் கொண்டுபோகாதீர்கள். நோய்த்தடுப்புச் சட்டப்படி விமான நிலையத்தில் பறிமுதல் செய்யப்படும்.

பெட்டி, மருந்து, காலணி

சிறிய பெட்டியே நல்லது. ஜப்பானிய விடுதி அறைகளில் இரண்டு பெரிய பெட்டிகளைத் திறந்துவைக்கத் தரை இருக்காது; மூன்று பேர் படுக்கும் அறையும் அரிது. டோக்கியோ, ஒசாகா வழி செல்லும் ஷின்கான்செனில் நீளம், அகலம், உயரம் மூன்றையும் கூட்டி 160 செ.மீ.-க்கு மேற்பட்ட பெட்டிக்குத் தனி இருக்கை முன்பதிவு வேண்டும். எனவே நல்ல நிறுவனங்கள் பெரிய பெட்டிகளை தக்யூபின் எனப்படும் கூரியர் சேவை மூலம் அடுத்த ஊர் விடுதிக்கு முந்திய நாளே அனுப்பிவிடும். ஓர் இரவுக்கான உடை, மருந்து, பல்துலக்கி ஆகியவற்றைக் கைப்பையில் வைத்துக்கொண்டால் போதும்.

அன்றாடம் உட்கொள்ளும் மருந்துகளை மருத்துவரின் சீட்டோடு எடுத்துச் செல்லுங்கள். மருத்துவர் எழுதிக்கொடுத்த மருந்து ஒரு மாத அளவுக்கு மேல் இருந்தால் முன்கூட்டியே ஜப்பானிய அரசின் அனுமதி பெற வேண்டும். குறிப்பிட்ட அளவுக்கு மேல் சூடோஎஃபெட்ரின் கலந்த சளி மாத்திரைகளுக்குத் தடையும், கோடீன் கலந்த இருமல் மருந்துகளுக்குக் கட்டுப்பாடும் உண்டு. மின்சாரம் 100 வோல்ட். தட்டையான இரு முள் கொண்ட செருகி வேண்டும். கைபேசி மின்னேற்றிகள் வேலை செய்யும். நம்மூர்க் கெட்டிலும் சிறு குக்கரும் சரிவரச் சூடாகா. காலணி எளிதில் கழற்றி மாட்டக்கூடியதாகவும் நெடுந்தூரம் நடக்க ஏற்றதாகவும் இருக்கட்டும். கிழியாத காலுறையும் வேண்டும், ஏனெனில் ஒரு நாளில் பலமுறை அதோடு பிறர் முன் நிற்பீர்கள்.

குழுவோடு நாள்தோறும்

ஒன்பது மணிக்குப் பேருந்து என்றால் ஒன்பதுக்குச் சக்கரம் உருள வேண்டும் என்பது பொருள். ஐந்து நிமிடம் முன்பாக இருக்கையில் அமர்ந்திருப்பது உடன் வருவோருக்குச் செய்யும் மரியாதை. ஷின்கான்சென் இடைநிலையங்களில் ஓரிரு நிமிடங்களே நிற்கும். முப்பது பேர் ஏற வேண்டுமானால் நடைமேடையில் குறித்திருக்கும் கோட்டில் முன்னதாகவே இரண்டு வரிசையாக நின்றாக வேண்டும். டோக்கியோவிலிருந்து கியோத்தோ நோக்கிச் செல்லும்போது ஃபூஜி மலை வலப்பக்கம் தெரியும். சாதாரணப் பெட்டியில் அந்தச் சன்னலோரம் ‘E’ வரிசை. குழு இருக்கைகளைப் பிரித்துக் கொடுக்கும்போது முதியவர்களுக்கும் குழந்தைகளுக்கும் அந்த வரிசையைக் கொடுத்தால் நன்று.

ரயிலில் கைபேசியில் பேசுவதும், ஒரு கோடியிலிருந்து மறுகோடியில் இருப்பவரை அழைப்பதும் அங்கே மிகவும் உறுத்தும். தமிழர் குழு மகிழ்ச்சியில் உரக்கப் பேசும். தீய நோக்கம் எதுவும் அதில் இல்லை, ஆனாலும் பேருந்துக்குள் வைத்துக்கொள்வதே முறை. குப்பைத்தொட்டிகள் தெருவில் அரிதாகையால் ஒரு சிறு பையை உடன் வைத்திருந்து குப்பையை விடுதிக்கே கொண்டுவர வேண்டும். வழிகாட்டி தரும் காதொலிக் கருவியை மாலையில் திருப்பிக் கொடுப்பதோடு, பகலில் அதைக் காதிலேயே வைத்திருங்கள். விளக்கத்தைக் கேளாமல் படம் மட்டும் எடுத்துக்கொண்டு வருபவர் கொடுத்த பணத்தில் பாதியை வாங்காமல் விட்டவர் ஆகிறார். வழி தவறினால் அலைய வேண்டாம், கடைசியாகக் குழுவைப் பார்த்த இடத்தில் நில்லுங்கள். விடுதியின் பெயரட்டை சட்டைப் பையில் இருந்தால், தெருமுனைக் காவல் சாவடியான கோபானில் காட்டி உதவி பெறலாம்.

கோயில்களிலும் ஆலயங்களிலும்

ஜப்பானில் அந்நாட்டின் மரபுச் சமயமான ஷின்தோவின் ஆலயங்களும் பௌத்தக் கோயில்களும் அருகருகே இருக்கும். தோரி வாயில் இருந்தால் அது பெரும்பாலும் ஷின்தோ ஆலயம். வாயிலில் சிறிது தலை வணங்கி, நடுப்பாதையை விட்டு ஓரமாக நடந்து, தண்ணீர்த் தொட்டியில் அகப்பையால் இடக்கை, வலக்கை என்று முறையே கழுவி, கையில் ஏந்திய நீரால் வாயையும் கொப்பளித்துவிட்டுச் செல்வது வழக்கம். சந்நிதியில் இருமுறை குனிந்து, இருமுறை கைதட்டி, மீண்டும் ஒருமுறை குனிய வேண்டும். பௌத்தக் கோயிலில் கை தட்டுவதில்லை. நம்மைப் போலவே கைகூப்பி வணங்குவார்கள். எங்கே காலணி கழற்ற வேண்டும், எங்கே படம் எடுக்கக் கூடாது என்பதை வழிகாட்டி சொல்வார். கியோத்தோவின் கியோன் பகுதியிலுள்ள தனியார் சந்துகளில் மட்டும், அவர் சொன்னாலும் சொல்லாவிட்டாலும், நுழையவோ கெய்ஷா எனப்படும் பெண் கலைஞர்களைத் துரத்திப் படமெடுக்கவோ வேண்டாம்.

இந்தியப் பின்புலம் உள்ளவர்கள் கட்டாயம் கேட்டுச் சேர்த்துக்கொள்ள வேண்டிய இடம் ஒன்று கியோத்தோவில் இருக்கிறது: சான்ஜூசான்கென்தோ. ஏறக்குறைய 120 மீட்டர் நீளமான மரக்கூடத்தில் ஆயிரங்கை கொண்ட கன்னோனின் 1001 சிலைகள் அணிவகுத்து நிற்கின்றன. இப்போதுள்ள கூடம் 1266-இல் மீண்டும் கட்டப்பட்டது. கன்னோன், கருணையின் போதிசத்துவரான நம் அவலோகிதேசுவரரே. அவர்களுக்கு முன்வரிசையில் நிற்கும் 28 காவல் தெய்வங்களை நிதானமாகப் பாருங்கள்: வீணை போன்ற பிவா ஏந்துபவளாக வேறு இடங்களில் காணும் பென்சாய்தென் என்னும் சரஸ்வதி, போன்தென் என்னும் பிரமன், தாய்ஷாகுதென் என்னும் இந்திரன், புல்லாங்குழல் ஊதும் கருடன் என்று நாம் அறிந்த முகங்கள் பௌத்தத்தோடு சீனம் வழியே அங்கே போய்ச் சேர்ந்து, 13-ஆம் நூற்றாண்டுச் சிற்பிகளின் உளியில் வேறு உருக்கொண்டு நிற்கின்றன. பல குழுக்கள் இந்தக் கூடத்தைத் தவிர்த்துவிடுவதற்குக் காரணம் உள்ளே படமெடுக்க முடியாது என்பதாகவே இருக்க வேண்டும். ஒரு மணி நேரம் இதற்காகப் போராடிப் பெறுவதில் தவறில்லை.

நாராவிலும் அவ்வாறே. தோதாய்ஜியின் 15 மீட்டர் உயரமுள்ள வெண்கலப் புத்தருக்கு 752-இல் கண்திறப்புச் சடங்கை நடத்தியவர் இந்தியாவிலிருந்து சென்ற துறவி போதிசேனர். குழுவினர் பெரும்பாலும் மான்களிடம் மனத்தைப் பறிகொடுத்து, கோயிலின் தெற்குப் பெருவாயிலை வேகமாகக் கடந்துவிடுவார்கள். அந்த வாயிலுக்குள் இருபுறமும் நின்று அண்ணாந்து பாருங்கள்: உன்கே, கைகே என்னும் சிற்பிகள் தம் குழுவினரோடு 1203-இல் செதுக்கிய, எட்டு மீட்டருக்கு மேல் உயரமான இரு காவலர்கள், ஒருவர் வாய் திறந்தும் மற்றவர் வாய் மூடியும், தசைநார்கள் புடைக்க நிற்கிறார்கள். மரத்தில் இத்தகைய வேகத்தைக் காண்பது அரிது. மான்களுக்கு அங்கே விற்கும் பிஸ்கட்டைத் தவிர வேறெதுவும் கொடுக்கக் கூடாது. பிஸ்கட்டைக் காட்டி ஏமாற்றி விளையாடினால் கடிக்கும்.

மலையும் நீரும்

3776 மீட்டர் உயரமுள்ள ஃபூஜியைப் பார்க்க முடியுமா என்பது முழுக்க முழுக்க மேகத்தைப் பொறுத்தது. குளிர்காலக் காலைகளில் வாய்ப்பு மிகுதி, கோடையில் குறைவு. ஏரிக்கரையில் ஓர் இரவு தங்கும் திட்டம், மாலை, மறுநாள் காலை என்று இரண்டு வாய்ப்புகளைத் தருவதால், ஒரே பகலில் போய்த் திரும்பும் திட்டத்தைவிட மேலானது. மலைச்சரிவில் பேருந்து செல்லும் ‘ஐந்தாம் நிலையம்’ ஏறக்குறைய 2300 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கோடையிலும் அங்கே காற்றுக் குளிரும், இதய நோயாளிகள் மெதுவாக நடக்க வேண்டும். ஹகோனேயின் ஓவாகுதானி பள்ளத்தாக்கில் கந்தகப் புகை எழும். ஆஸ்துமா உள்ளவர்கள் அங்கே இறங்காமல் இருப்பது நல்லது. அங்கே வெந்நீரூற்றில் வேகவைத்துக் கறுத்த முட்டைகளை விற்பார்கள்.

இயற்கைக்காகவே செல்வோர் நிக்கோவையும் காமிகோச்சியையும் கேளுங்கள். நிக்கோவில் ஜப்பானை ஆண்ட ஷோகுன் தொகுகாவா இயேயாசுவின் தோஷோகு ஆலயமும், 97 மீட்டர் வீழும் கெகோன் அருவியும் ஒரே நாளில் அடங்கும். அருவிக்கு ஏறும் மலைப்பாதை கொண்டையூசி வளைவுகள் நிறைந்தது, வாந்தி வருபவர்கள் முன் இருக்கையில் அமரட்டும். காமிகோச்சி ஏறக்குறைய 1500 மீட்டர் உயரப் பள்ளத்தாக்கு. தனியார் கார்களுக்கு அனுமதி இல்லை, ஏப்ரல் நடுவிலிருந்து நவம்பர் நடுப்பகுதி வரையே திறந்திருக்கும். அசுசா ஆற்றின் ஓரம் கப்பா பாலத்திலிருந்து ஒரு மணி நேரமாவது நடக்க விடும் குழுவாக இருந்தால்தான் அங்கே போவதில் பொருள் உண்டு.

ஹிரோஷிமாவுக்கு அருகிலுள்ள மியாஜிமா தீவில் இட்சுகுஷிமா ஆலயத்தின் தோரி, கடல் ஏறும்போது நீரில் மிதப்பது போலவும், இறங்கும்போது சேற்றில் நடந்து தொடக்கூடியதாகவும் இருக்கும். அன்றைய ஏற்ற இறக்க நேரத்தை வழிகாட்டியிடம் முந்திய இரவே கேளுங்கள். ஹிரோஷிமாவை முதலில் பார்ப்பதா, தீவை முதலில் பார்ப்பதா என்பதைச் சில குழுக்களில் அதைக்கொண்டு மாற்றியமைக்க முடியும். ஹிரோஷிமாவின் அமைதி நினைவு அருங்காட்சியகத்துக்கு இரண்டு மணி நேரம் வேண்டும். 1945 ஆகஸ்ட் 6 காலை 8.15-க்கு அணுகுண்டு வெடித்தபோது அந்நகரில் இருந்த குழந்தைகளின் சட்டைகளும் உணவுப்பெட்டிகளும் அங்கே வைக்கப்பட்டுள்ளன. அவற்றுக்கு முன்னால் நின்று குழுப்படம் எடுப்பதையும், வெளியே வந்ததும் உடனே கடைக்குப் போவதையும் தவிர்த்து, சிறிது நேரம் பூங்காவில் அமைதியாக இருக்கக் குழுவினரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

ரியோகானும் வெந்நீரூற்றும்

ஓர் இரவாவது ரியோகான் விடுதியில் தங்குங்கள். தத்தாமி பாய் விரித்த அறையில் காலணியோ அறைச் செருப்போ கூடாது. கழிப்பறைக்கென்று வைத்திருக்கும் செருப்பை அங்கேயே விட்டுவிட வேண்டும். யுகாதா அங்கியை இடப்பக்கம் மேலே வருமாறு உடுத்துங்கள், மாற்றி உடுத்துவது இறந்தவருக்கு. ஓன்சென் எனப்படும் வெந்நீரூற்றுக் குளியலில் ஆண், பெண் தனித்தனிக் கூடங்கள்; நீச்சலுடையின்றியே இறங்குவார்கள். முதலில் வெளியே தாழ்ந்த இருக்கையில் அமர்ந்து சோப்பால் முழுவதும் கழுவிய பிறகே தொட்டியில் அமர வேண்டும், துண்டை நீரில் நனைக்கக் கூடாது. பச்சை குத்தியிருந்தால் சில இடங்களில் அனுமதிக்கமாட்டார்கள். பொதுக்கூடத்தில் கூச்சம் உள்ளவர்கள் குடும்பத்துக்கென ஒதுக்கித் தரும் தனிக்குளியல் உண்டா என்று முன்பதிவிலேயே கேட்கலாம். இரத்த அழுத்தம் உள்ளவர்கள் நெடுநேரம் அமர வேண்டாம்.

அவசரமும் புறப்பாடும்

காவலுக்கு 110, ஆம்புலன்ஸுக்கும் தீயணைப்புக்கும் 119. நிலநடுக்கம் வந்தால் ஓடாதீர்கள். மேசையின் கீழ் தலையைக் காத்துக்கொண்டு, அதிர்வு நின்றபின் வழிகாட்டியின் சொற்படி நடங்கள். லிஃப்டைப் பயன்படுத்த வேண்டாம். கடலோரத்தில் இருந்தால் உடனே மேட்டுக்குச் செல்ல வேண்டும்.

புறப்படும் நாளில் குழு எந்த விமான நிலையத்திலிருந்து கிளம்புகிறது என்பதை மறுபடியும் உறுதி செய்யுங்கள். டோக்கியோவில் ஹனேதாவும் நரிதாவும் ஒன்றுக்கொன்று வெகுதூரத்தில் இருப்பவை. கடைகளில் வெளிநாட்டுப் பயணிகளுக்கு நுகர்வு வரி நீக்கித் தரும் முறை 2026 நவம்பர் 1 முதல் மாறுகிறது: அப்போதிருந்து வரியோடு விலை கொடுத்து வாங்கி, புறப்படும்போது சுங்கத்தில் பொருளை உறுதிப்படுத்திய பின்னரே வரி திரும்பக் கிடைக்கும். ஆகவே வாங்கிய பொருள்களைப் பெட்டியின் அடியில் புதைக்காமல் மேலேயே அடுக்கி, கடவுச்சீட்டோடு கையில் எடுக்கத் தக்கதாக வைத்து, வழக்கத்தைவிட ஒரு மணி நேரம் முன்பாகவே விமான நிலையம் சேருமாறு டூர் மேனேஜரிடம் கேளுங்கள்.